புதுக் காருக்கு ஒரு பாட்டில் போதும்!

புதுக் கார் எடுக்கிறேன், பெயிண்டைக் காப்பாற்ற என்ன கோட்டிங் போடலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். ஒரு செராமிக் ஸ்ப்ரே பாட்டில் வாங்குங்கள். காரைக் கழுவுங்கள், ஈரம் காய்வதற்குள் தெளியுங்கள், துணியால் துடைத்துவிடுங்கள். அவ்வளவுதான் வேலை. இதைச் சொல்லும்போதே எனக்கு உற்சாகம் பொங்குகிறது. கார் விஷயத்தில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு சந்தோஷம் தந்த பொருள் வேறெதுவும் இல்லை.

என்னுடையது அடர்நீல ஐ20. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் பிறந்து, அதிக தூரம் போகாமல் தென்சென்னையில் எங்கள் அடுக்ககத்துக்கு வந்து சேர்ந்த கார். அடர்நிறக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதன் அழகும் அதிகம், அது கேட்கும் கவனமும் அதிகம். வெள்ளைக் காரில் கண்ணுக்கே படாத மெல்லிய கீறல்கள் இதில் வெயில் பட்டதும் வட்டவட்டமாகத் துலங்கும். மூடிய பார்க்கிங் எனக்குக் கிடையாது. நிறுத்துமிடத்தின் ஒரு பக்கம் தூங்குமூஞ்சி மரம், மறுபக்கம் பாதாம் மரம். பகலில் காகமும் மைனாவும், இரவில் பழந்தின்னி வௌவால். குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். காற்றில் கடல் உப்பு. அலுவலகம் போகும் வழியெல்லாம் மெட்ரோ வேலையின் சிமெண்ட் தூசி. இத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் காருக்கே கொடுக்க எனக்கு நேரம் இல்லை. ஆகவே நான் தேடியது ஒன்றுதான்: ஒரு தடவை செய்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடக்கூடிய பாதுகாப்பு.

முதலில் நாம் எதைக் காப்பாற்றுகிறோம் என்று பார்ப்போம். இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 120 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவு. ஒரு தலைமுடியின் பருமனே ஏறக்குறைய 70 மைக்ரான். வெயில், எச்சம், உப்பு, அமிலம் என்று எது வந்தாலும் முதல் அடியை வாங்குவது தலைமுடியைவிட மெல்லிய இந்தப் படலம். பளபளப்பு மங்கிய பிறகு பாலிஷ் போட்டு மீட்கிறோமே, ஒவ்வொரு பாலிஷும் இதைத்தான் கொஞ்சம் சீவி எடுக்கிறது. அதனால்தான் கார் புதிதாக இருக்கும்போதே பாதுகாப்பைத் தொடங்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

"புது பெயிண்ட், கொஞ்ச நாள் மூச்சு விடட்டும், அப்புறம் எதையாவது பூசலாம்" என்று சிலர் சொல்வார்கள். அது ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங் செய்து மறுபடி பெயிண்ட் அடித்த பகுதிக்குப் பொருந்தும். அந்தப் பெயிண்ட் முழுதாக உலர சில வாரங்கள் ஆகும். தொழிற்சாலைப் பெயிண்ட் 140 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டறையில் வெந்து வெளியே வருகிறது. ஷோரூமுக்கு வரும்போதே அது முழுதாக இறுகிவிட்டது. டெலிவரி எடுத்த அன்றே பூசலாம்.

ஷோரூமில் உட்கார்ந்தால் ஒரு பட்டியல் நீட்டுவார்கள். அதில் இன்னும் முதலிடத்தில் நிற்பது டெஃப்லான் கோட்டிங். 1938-இல் ராய் பிளங்கெட் கண்டுபிடித்த அந்தப் பொருள் அற்புதமானது, சந்தேகமே இல்லை. ஆனால் அது உருகுவது 327 டிகிரி செல்சியஸில். தோசைக்கல்லில் அது ஒட்டிக்கொள்வது அப்படியான சூட்டில் வைத்துச் சுடுவதால்தான். காரின் பெயிண்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் பெயிண்டே மிஞ்சாது. ஆக, அந்தப் பெயரில் காருக்குப் பூசப்படும் பாலிஷ் சில வாரங்களுக்குப் பளபளக்கும், பிறகு ஷாம்புவோடு போய்விடும். அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான தீர்ப்பு.

மெழுகு விஷயமே வேறு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு தரும் ஆழமான மினுமினுப்பை எனக்கு மிகவும் பிடிக்கும். கல்யாணத்துக்குக் கார் போக வேண்டும் என்றால் முந்தின நாள் அதைப் பூசலாம். ஆனால் அது எண்பது சொச்சம் டிகிரியில் உருகிவிடும். சித்திரை வெயிலில் அடர்நிற பானட்டின் மேல் கையே வைக்க முடியாது. நம் ஊரில் அது நின்று பிடிப்பது கடினம்.

தொழில்முறை செராமிக் கோட்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லாரும் கேட்பது அதைத்தான். நல்ல சரக்கு. பாலிசிலசேன் போன்ற திரவம் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சிலிக்காப் படலமாகக் கெட்டிப்படுகிறது. ஒழுங்காகப் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் பராமரிப்பு குறைவு என்ற கண்ணோட்டத்தில் பாருங்கள். போடுவதற்கு முன் பெயிண்டைப் பாலிஷ் போட்டுச் சமன் செய்ய வேண்டும். காரைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டும். போட்ட பிறகு ஒரு வாரம் கழுவக்கூடாது. உத்தரவாத அட்டையின் சின்ன எழுத்தைப் படித்தால், ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை அதே கடைக்குக் கொண்டுபோய்ப் பராமரிப்பு செய்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்று பல இடங்களில் இருக்கும். நடுவில் ஒரு ஆட்டோ பம்பரில் உரசி, அங்கே மறுபடி பெயிண்ட் அடித்தால் அந்த இடத்தில் கோட்டிங் போச்சு. சென்னை நெரிசலில் இது நடக்காத கார் எது?

இன்னொன்று, அந்த "9எச்" கணக்கு. அது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட பென்சில்களால் கீறிப் பார்க்கும் சோதனை. நம் சாலைத் தூசியில் இருப்பதோ குவார்ட்ஸ் மணல். அது மோஸ் அளவுகோலில் 7, எந்தப் பென்சிலையும்விடக் கடினம். தூசி படிந்த காரைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், எந்த செராமிக் போட்டிருந்தாலும் கீறல் விழும். ஒன்றிரண்டு மைக்ரான் படலத்திடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

கீறலையும் கல் தெறிப்பையும் உண்மையாகத் தடுப்பது பிபிஎஃப் என்கிற ஒட்டும் படலம் ஒன்றுதான். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிடமிருந்து காக்க உருவான யோசனை. இன்று தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேனில் 150 முதல் 200 மைக்ரான் கனத்தில் வருகிறது. மெல்லிய கீறல் விழுந்தால் வெயில் சூட்டிலேயே தானாக மறைந்துவிடும் வகைகளும் உண்டு. மகாராஷ்டிரத்தின் கார்வேர் நிறுவனம் நம் நாட்டிலேயே தயாரிக்கிறது. முழுக் காருக்கும் ஒட்டினால் செலவு லட்சத்தைத் தொடும், தாண்டியும் போகும். வாரந்தோறும் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடுபவர்கள் முன் பம்பருக்கும் பானட்டுக்கும் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். நான் கதவுக் கைப்பிடிக் குழிகளிலும் கதவு ஓரங்களிலும் ஒட்டியிருக்கிறேன். நகமும் மோதிரமும் தினமும் உரசுவது அங்கேதான்.

இப்போது நம் கதாநாயகனுக்கு வருவோம். நான் பயன்படுத்துவது டர்டில் வாக்ஸின் ஹைப்ரிட் சொல்யூஷன்ஸ் செராமிக் ஸ்ப்ரே கோட்டிங். 1940களில் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம். இதே வகையில் கொரியாவின் கார்ப்ரோ, கியான் போன்றவற்றின் ஸ்ப்ரேக்களும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கின்றன. சிலிக்காவும் நீரை விலக்கும் பாலிமர்களும் கலந்த திரவம் இது. தொழில்முறைக் கோட்டிங் அளவுக்குக் கெட்டியாகவோ நீண்ட காலத்துக்கோ நிற்காது. நிற்கவும் வேண்டாம். நாமே, நம் வாசலிலேயே, மறுபடி பூசிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெருமை. பம்பரில் உரசலா? பெயிண்ட் அடித்து, அது உலரும் வாரங்கள் போனதும் அந்த இடத்தில் இரண்டு தெளிப்பு. கதை முடிந்தது.

முதல் தடவை பூசுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கழுவிய காரின் மேல் மெல்லிய பாலிதீன் கவருக்குள் விரல்களை விட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் கையில் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெளிவாகத் தெரியும். புதுக் காரானாலும் யார்டில் வெயிலிலும் தூசியிலும் நின்று வந்திருக்கும். சொரசொரப்பு இருந்தால் கிளே பார் என்கிற களிமண் கட்டியை நுரை வைத்து மெல்லத் தேய்த்தால் கண்ணாடி போல வழுவழுப்பாகும். பிறகு நிழலில் நிறுத்தி, தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, ஒரு கதவுக்கு இரண்டு மூன்று அழுத்து. மைக்ரோஃபைபர் துணியால் பரப்பி, துணியைத் திருப்பி, ஈரம் போக ஒரு துடைப்பு. நிறைய தெளித்தால் நிறைய பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் அதிகமாகத் தெளித்தால் கோடுகோடாகத் தெரியும். குறைவாகத் தெளித்தால் கண்ணைப் பறிக்கும். மறுநாள் இரண்டாவது பூச்சு. அலாய் வீலிலும் பூசுங்கள். பிரேக் தூசி அதில் ஒட்டாமல் தண்ணீரிலேயே போவதைப் பார்த்து நான் மகிழ்ந்துபோனேன்.

அதன் பிறகு மழை வர வேண்டும். அப்போதுதான் தெரியும்! ஐப்பசி மழையில் பானட்டின் மேல் விழுந்த ஒவ்வொரு துளியும் உருண்டு திரண்டு தாமரை இலைத் தண்ணீராக நின்றது. வண்டி வேகமெடுத்ததும் அத்தனையும் கூட்டமாக ஓடி மறைந்தது. ஒரு துளி பரப்பின் மேல் அமரும் கோணம் 90 டிகிரியைத் தாண்டினால் நீர் அங்கே ஒட்ட மறுக்கிறது என்று பொருள். தாமரை இலையில் அது 150-ஐத் தாண்டும். நம் ஸ்ப்ரே அந்த அளவுக்குப் போகாது, ஆனால் தூசியையும் இழுத்துக்கொண்டு நீர் ஓடுவதற்கு அது கொடுப்பதே தாராளம். ஈ.சி.ஆரில் மழையில் ஓட்டி வந்து நிறுத்தினால் கார் கழுவினது போலவே நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "எங்க சார் கோட்டிங் போட்டீங்க? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். பாட்டில் விலையைச் சொன்னேன். இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில்தான். மூடியைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினார். இப்போது அவர் காரிலும் அதே மினுமினுப்பு.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை நிறைவடையாது, சென்னைக் காருக்குப் பெரிய எதிரி அதுதான். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் போர்வெல் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டங்களாகப் படிந்துவிடும். பல வீடுகளில் ஆர்ஓ மெஷினின் கழிவுநீரைச் சேர்த்து வைத்துக் காரைக் கழுவுகிறார்கள். சிக்கனம் நல்லதுதான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் செறிந்து நிற்பது அந்த நீரில்தான். தயவுசெய்து அதைக் காருக்கு ஊற்றாதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு பொக்கிஷம் நம் வீட்டிலேயே சொட்டுகிறது. ஏசி தண்ணீர்! காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் நீர், உப்பே கிடையாத நீர். சென்னை இரவுகளில் குழாய்க்குக் கீழே ஒரு வாளியை வைத்தால் காலையில் வேண்டிய அளவு கிடைக்கும். நான் ஷாம்பு போட்டு அலசுவதைக் குழாய் நீரில் முடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு ஏசி நீரை ஊற்றுகிறேன். ஸ்ப்ரே போட்ட பரப்பில் அது அப்படியே வழிந்து ஓடுகிறது. துடைப்பதும் எளிது, கறையும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்த கூட்டணிக்கு நிகர் எதுவும் இல்லை என்பேன். ஏற்கெனவே உப்பு வட்டம் விழுந்திருந்தால், தண்ணீர் கலந்த வினிகரை நனைத்த துணியில் சிறிது நேரம் ஒற்றி வைத்து, நன்றாக அலசிவிட்டு அந்த இடத்தில் ஸ்ப்ரேயை மறுபடி பூசுங்கள்.

பறவை எச்சத்துக்கு வருகிறேன். அதில் அமிலம் இருக்கிறது. வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது, மாலையில் குளிரும்போது காய்ந்த எச்சத்தைச் சுற்றிச் சுருங்குகிறது. அந்தத் தழும்புதான் நிரந்தரமாக நின்றுவிடுகிறது. ஸ்ப்ரே போட்ட காரில் எச்சம் பெயிண்டை நேரடியாகத் தொடுவதில்லை, நமக்கு அவகாசம் கிடைக்கிறது. இருந்தாலும் அன்றன்றைக்கே நனைத்த துணியைச் சில நிமிடம் அதன் மேல் போட்டு வைத்துவிட்டுத் தூக்கி எடுங்கள். தேய்க்காதீர்கள். வழுக்கிக்கொண்டு வரும்.

தினமும் துடைப்பதைப் பற்றி எங்கள் அடுக்ககத்தில் கார்களைத் துடைக்கும் அக்காவிடம் பேசினேன். ஒரே வாளி, ஒரே துணி, வரிசையாக இருக்கும் எல்லாக் கார்களும். ஒரு காரின் மணல் அடுத்த காரில் உரசும். "அக்கா, என் வண்டியில கண்ணாடி மட்டும் துடைங்க போதும். மாசக் காசு அதேதான்" என்றேன். "வண்டி அழுக்கா நின்னா என்னையத்தானே சொல்லுவாங்க தம்பி?" என்றார். மழை பெய்த மறுநாள் அவரே காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆமா தம்பி, இதுவே சுத்தமாத்தான் நிக்குது" என்றார். எனக்கு அந்தப் பாராட்டு எந்தச் சான்றிதழையும்விடப் பெரிது. தூசியோடு இருக்கும் காரின் மேல் கவர் போடுவதையும் விட்டுவிடுங்கள். காற்றில் கவர் அசைய அசைய அந்தத் தூசியே உரசிக்கொண்டிருக்கும்.

எப்போது மறுபடி பூசுவது? பாட்டிலில் ஒரு வருடம் வரை என்று இருக்கிறது. நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் நான் வருடத்தில் மூன்று தடவை வைத்திருக்கிறேன், மூன்றும் நாள்காட்டியிலேயே இருப்பதால் மறக்கவும் முடியாது. போகிப் புகையின் கரியைக் கழுவிவிட்டுப் பொங்கலுக்கு ஒன்று. அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் சித்திரைப் பிறப்பன்று ஒன்று. எப்படியும் வண்டியைக் கழுவும் ஆயுத பூஜைக்கு ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாகத் தயாராகிவிடும். கழுவும் நேரத்தோடு கூடுதலாக இருபது நிமிடம் ஆகும். அதையும் நான் ஆசையாகச் செய்கிறேன்.

பூஜை என்றதும் நினைவுக்கு வருகிறது. பாடிகாட் முனீஸ்வரர் கோயிலிலோ உங்கள் தெருப் பிள்ளையாரிடமோ புதுக் காரைக் கொண்டுபோய் நிறுத்தும்போது, சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். பானட்டில் வைத்தால் அன்று மாலையே தண்ணீர் ஊற்றி எடுத்துவிடுங்கள், வெயிலில் விட்டால் கறை ஏறும். மாலையின் நார் பெயிண்டில் உரசாதபடி கட்டச் சொல்லுங்கள்.

புக்கிங் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெலிவரிக்கு முந்தின நாளே ஷோரூமுக்குப் போன் செய்து, "வண்டியைக் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், தூசியோடயே கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள். முதல் கீறல் பெரும்பாலும் அந்த அவசரத் துடைப்பில்தான் விழுகிறது. அதற்குள் ஒரு ஸ்ப்ரே பாட்டில், ஒரு கார் ஷாம்பு, நாலைந்து மைக்ரோஃபைபர் துணிகள் வாங்கி வையுங்கள். துணிகளைத் தனியாகத் துவையுங்கள், கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றாதீர்கள், இழைகள் அடைத்துக்கொள்ளும். கோட்டிங் பேக்கேஜ் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லிவிட்டுக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று மாலை வெயில் தாழ்ந்ததும் நீங்களே முதல் பூச்சைப் போடுங்கள்.